ஈசானி மூலைப் பொட்டி

இல்லீங்க மொதலாளி, அந்தக் காயிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க. மேனேஜரு சந்திரசேகர் சாருகிட்ட அப்பவே சொல்லிட்டேன். அகல்யா போட்ட பிளானு தப்பு, அதனாலதான் போன் கட்டாச்சுன்னு எழுதி வெச்சிருக்கறாரு. என் பிளானுல ஒரு தப்பும் இல்லீங்க.

எங்க இருக்கறேனுங்களா? முன் கேட்டுலீங்க. மில்லுப் போன்லதான் பேசறேன்.

கோவிக்காம கேளுங்க. ஷெட்டுக்குள்ள செல்போன் ஆகாதுன்னு சட்டம் போட்டது நீங்கதானுங்க. அதுக்குத்தான் இந்தக் கார்ட்லெஸ் போனு, ஆறு ஷெட்டுக்கும் சேத்துப் பதிமூணு சிக்னல் பொட்டி. ஒவ்வொரு பொட்டியும் பக்கத்துப் பொட்டியக் கேட்டு, அதே நேரத்துக்கு ஓடோணும். அப்பத்தான் பேசிக்கிட்டே நடக்கறவங்கள ஒரு பொட்டிகிட்ட இருந்து இன்னொண்ணு கட்டாகாம வாங்கிக்கும். உங்கூட்டுப் புள்ள கிருத்திகா வள்ளிக் கும்மிக்குப் போவுதில்லீங்க? ஆசிரியர் நடுவுல நின்னா எல்லாரும் அவரப் பாத்தே அடி வெப்பாங்க. அவர ஓரத்துல கொண்டுபோய் நிறுத்துனா? முன்னால நிக்கறவளப் பாத்து இவ, இவளப் பாத்து அடுத்தவ. எட்டாவது வரிசைல ஒருத்தி குனியறப்ப இன்னொருத்தி நிமிருவா.

ஆங்? சத்தமுங்களா? ரிங் பிரேம் மெசினு ஓடுதுங்க, ரெண்டாம் ஷெட்டு. சித்த பொறுங்க... ம், தாண்டிட்டேன்.

அந்த ஆசிரியர் மாதிரி, மத்த பொட்டிக்கெல்லாம் நேரம் குடுக்கற மாஸ்டர் பொட்டிய மூணாம் ஷெட்டு நடு உத்தரத்துல மாட்டோணும்னுதானுங்க வரஞ்சு குடுத்தேன். நாலு நாள் ஏணியத் தூக்கிக்கிட்டு, மெசினு ஓடறப்ப ஒருக்கா, நின்னப்ப ஒருக்கான்னு சிக்னல அளந்தது. அப்பறம் உங்க வாஸ்துக்காரரு வந்தாரு. எல்லாத்துக்கும் தலையா இருக்கறது ஈசானி மூலைலதான் இருக்கோணும்னாரு. பொட்டி ஓரத்துல இருக்கற உங்க ரூம்பு ஈசானி மூலைக்குப் போயிருச்சு. சந்தனம், குங்குமம், வெள்ளிக்கெழமையானா மல்லிப்பூ வேற. வேண்டாமுங்க, கடைசி ஷெட்டுக தடுமாறும்னு சொன்னேன். நேத்து வந்த புள்ள நீ எனக்குச் சொல்லிக் குடுக்கறியான்னீங்க. சுத்தி நின்னவங்க அத்தன பேரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க, அன்னிக்கு.

அண்ணா, ஒத்திக்குங்க, வண்டி வருது! உங்களச் சொல்லலீங்க மொதலாளி, நம்ம வேல்முருகண்ணன். அவரையே கேளுங்களே. போன மாசம் அஞ்சாம் ஷெட்டுல சுப்பம்மாக்கா கை மெசினுல மாட்டுச்சே, அன்னிக்கு நாலு பேரு அக்காவத் தூக்கிட்டு ஓட, இவரு கூடவே ஓடிக்கிட்டு ஆபீசுக்குப் பேசுனாரு. வண்டியப் பின் கேட்டுக்கு அனுப்புங்கன்னு சொல்ல வாயெடுக்கறாரு, ஷெட்டு வாசப்படியத் தாண்டுனதும் போன் கட்டு. வண்டி முன் கேட்டுல நிக்குது. அக்கா பின் கேட்டுல, துணியெல்லாம் ரத்தம். கால் மணி நேரமுங்க. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. அதுக்குக் காரணம் நான்தான்னு எழுதி, அடில நானே கையெழுத்துப் போடோணுமுங்களா?

இல்ல, நீங்க கத்தறதுக்காக நான் பேச்ச மாத்த மாட்டேனுங்க.

நிறுத்துங்களேன். தாராளமா வேலைய விட்டு நிறுத்துங்க. பஸ் ஏறுனா கொமாரபாளையத்துல மில்லுக்கா பஞ்சம்? ஆனா நிறுத்தற காயிதத்துல நெசத்த எழுதுங்க. பொட்டிய எடம் மாத்துனது யாருன்னு எழுதுங்க.

சரிங்க, வந்துட்டேன். எங்கயா? ஆறாம் ஷெட்டு தாண்டி, பஞ்சுக் குடோன்கிட்ட, பின் கேட்டுலீங்க. முன் கேட்டுல இருந்து உங்ககிட்டப் பேசிக்கிட்டே நடந்து வாரேன். ஒருக்காவாச்சும் கட்டாச்சுங்களா?

கொஞ்சம் தல நிமித்தி உங்க ஈசானி மூலையப் பாருங்க. பொட்டில பச்ச வெளக்கு எரியுதுங்களா? எரியாதுங்க. அது ரிப்பேருல கெடந்த வெத்துப் பொட்டி. சந்தனமும் குங்குமமும் நான்தான் வெச்சேன். மாஸ்டரக் காலைல ஷிப்டு மாறறப்பவே மூணாம் ஷெட்டு உத்தரத்துல ஏத்தி மாட்டிட்டேன்.

திட்டுங்க, கேக்குது. நல்லாவே கேக்குது. இனி இந்தப் போன் நீங்களா வெச்சாத்தானுங்க கட்டாகும்.