மறியல் பட்டியலில் ஒரு பேர்

சாம்பவி: அதெல்லாம் கிடக்கட்டும். நீங்கள் மறியலிலை எத்தினை நாள் இருந்தனீங்கள்?

அருமைராசா: ஐயோ பிள்ளை!

சாம்பவி: அண்ணை, நான் இவரிட்டைக் கேட்டனான்.

அருமைராசா: செயின்ட்-மிஷேலுக்கு, இந்தக் கோப்பிக் கடைக்கு வாற வழி முழுக்கக் காருக்குள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னனான். வேலையைக் கேள். என்ன சாப்பாடு பிடிக்கும் எண்டு கேள். பொலிஸ், வழக்கு, மறியல், ஜெயில்... உதுகளை மட்டும் வாயிலையும் எடுக்காதை எண்டு.

சாம்பவி: அதாலைதான் முதல்லை கேட்டனான்.

அருமைராசா: தம்பி கீர்த்திகன், குறை நினையாதேங்கோ. இவையின்ரை குடும்பத்திலை யூனிவேசிற்றி வாசல் மிதிச்ச முதல் ஆள். பட்டம் எடுத்த பிள்ளை. அதுதான் கொஞ்சம்... வாய்.

சாம்பவி: வாய் பிறக்கேக்கையே இருந்தது. பட்டம் பேந்துதான் வந்தது.

கீர்த்திகன்: பரவாயில்லை அண்ணை. பகிடி விடுறா போலை...

சாம்பவி: பகிடி இல்லை. கலியாணம் செய்வமோ எண்டு பாக்க அமெரிக்காவிலையிருந்து அஞ்சு மணித்தியாலம் கார் ஓடி வந்திருக்கிறீங்கள். உண்மை சொன்னால் மிச்சத்தைக் கதைப்பம். பொய் சொன்னால் இந்தக் கோப்பியோடை முடிஞ்சுது.

அருமைராசா: பிள்ளை, நான் இருபத்தேழு கலியாணம் பேசி முடிச்சனான். இப்பிடி ஒரு பொம்பிளை பாக்கிற...

சாம்பவி: அண்ணை, அங்கை போய் டோனட் வாங்குங்கோ. எனக்கு மேப்பிள்.

அருமைராசா: போறன். ஆனால் காது இஞ்சைதான் கிடக்கும்.

சாம்பவி: சொல்லுங்கோ. எத்தினை நாள்?

கீர்த்திகன்: மறியலிலையோ? நானோ? ஒருநாளும் இல்லை. ஒரு பார்க்கிங் டிக்கெட் கூட...

சாம்பவி: உங்கட அம்மாவும் போனிலை இதைத்தான் சொன்னவ. ஒரு சொல்லும் பிசகேல்லை. பாடமாக்கி விட்டவவோ?

கீர்த்திகன்: என்ன... என்ன பேப்பர் அது?

சாம்பவி: உங்கட கவுண்டிப் பொலிஸ், அந்த ஷெரிப் ஒப்பீஸ், இன்ரநெற்றிலை போட்டிருக்கிற பட்டியல். பிடிச்சுக்கொண்டு வந்து உள்ளுக்கு விட்ட ஆக்களின்ரை பேர். வாசிக்கட்டோ? பேரின்பநா... அதுக்கு மேலை பெட்டிக்குள்ளை இடமில்லை, உங்கட அப்பாவைப் பாதியிலை வெட்டிப்போட்டாங்கள். கீர்த்திகன். ஆண். வயசு இருபத்தெட்டு. 2007 நவம்பர். உயரம் அஞ்சடி எட்டு.

கீர்த்திகன்: உயரமும் போட்டிருக்கோ?

சாம்பவி: கலியாணக் குறிப்பிலை அஞ்சடி பத்து.

கீர்த்திகன்: அது... அம்மா சப்பாத்தோடை அளந்தவ.

சாம்பவி: ஷெரிப் ஒப்பீசிலை கழட்டிப்போட்டு அளந்திருக்கிறாங்கள். நான் அவங்களை நம்புறன்.

கீர்த்திகன்: உதை ஆரும் பாக்கலாமோ?

சாம்பவி: ஆரும் பாக்கலாம். திகதியைத் தட்டினால் அண்டைக்கு ஆரார் உள்ளுக்கு வந்தது எண்டு வரிசையா வரும். உயரம், நிறை, குற்றம், படம். ஸ்ரூடியோவிலை நீர்வீழ்ச்சிக்கு முன்னாலை நிண்டு எடுத்து அனுப்பினீங்களே, அதைவிட இது வடிவு.

கீர்த்திகன்: அப்ப நானும் உங்களைத் தட்டிப் பாத்திருக்கலாம்.

சாம்பவி: இஞ்சை கியூபெக்கிலை அப்பிடி இன்ரநெற்றிலை போடாயினம். கோட்டுக்கு நேரை போய்த்தான், வழக்கு ஏதும் இருக்கோ எண்டு பாக்கவேணும். கஷ்டப்படாதேங்கோ, நானே சொல்லுறன். மெற்றோவிலை டிக்கெட் இல்லாமல் ரெண்டு தரம் பிடிபட்டனான். ரெண்டாம் தரம் அவனோடை பிரெஞ்சிலை சண்டையும் பிடிச்சனான்.

கீர்த்திகன்: ஆர் வெண்டது?

சாம்பவி: சிரிக்காதேங்கோ. கதையை மாத்தாதேங்கோ.

அருமைராசா: பிள்ளை, மேப்பிள் முடிஞ்சுதாம். சொக்லேட் காணுமோ?

சாம்பவி: காணும் அண்ணை. வரிசையிலை நில்லுங்கோ.

அருமைராசா: வாங்கிப்போட்டனே.

சாம்பவி: இன்னொருக்கா நில்லுங்கோ.

கீர்த்திகன்: ஒரு இரவு. விடியக் காத்தாலை விட்டிட்டாங்கள். காணுமோ?

சாம்பவி: என்னத்துக்குப் பிடிச்சவங்கள்?

கீர்த்திகன்: கார்... கொஞ்சம் வேகமா ஓடிப்போட்டன்.

சாம்பவி: இதிலை கார் எண்டு ஒரு சொல்லும் இல்லை. அதிகாரியின்ரை கடமைக்கு இடைஞ்சல் குடுத்தது எண்டு கிடக்கு. ரெண்டாவது பொய்.

கீர்த்திகன்: எண்ணுறீங்களோ?

சாம்பவி: எண்ணுறன். மூண்டாவதைக் கேக்க நான் இருக்கமாட்டன்.

கீர்த்திகன்: ஆரிட்டையும் சொல்லுறேல்லை எண்டு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். முதல் பேசின இடத்திலை சொன்னனான். பெடிச்சியின்ரை தேப்பன் போனை வைச்சிட்டார். அடுத்த இடத்திலை, முதல் நாள் பத்துக்கு எட்டுப் பொருந்தின சாதகம் அடுத்த நாள் பொருந்தேல்லை எண்டிட்டினம். அதுக்குப் பிறகு அம்மா...

சாம்பவி: அவையை விடுங்கோ. அந்த இரவைச் சொல்லுங்கோ.

கீர்த்திகன்: கனடா எல்லைக்குக் கிட்ட ஒரு பஸ் ஸ்டேசன். வேலை முடிஞ்சு வாறன். ஒரு தமிழ் மனுசி நிக்குது. சீலைக்கு மேலை ஆரோ ஆம்பிளையின்ரை ஜக்கெற். காலிலை பாட்டாச் செருப்பு. அந்தக் குளிருக்குள்ளை! எல்லைக்காவல் அதிகாரி ஒருத்தன் இங்கிலிசிலை கேட்டுக்கொண்டு நிக்கிறான். மனுசி எல்லாத்துக்கும் தலையை ஆட்டுது.

சாம்பவி: எங்கட ஆக்கள் அப்பிடித்தான். யூனிபோமைக் கண்டால், விளங்கினாலும் யேஸ், விளங்காட்டிலும் யேஸ்.

கீர்த்திகன்: அதுதான்! அவன் கேட்டது என்ன தெரியுமோ? கனடாவுக்குப் போகேல்லை, திரும்ப இலங்கைக்கே போறன் எண்டு எழுதிக் கிடக்கு, இதிலை கையெழுத்து வைக்கிறியோ எண்டு. மனுசி யேஸ், யேஸ் எண்டு சிரிக்குது. மரியாதைக்குச் சிரிக்குது. பேனையையும் வாங்கிப்போட்டுது.

சாம்பவி: ...நீங்கள்?

கீர்த்திகன்: கையெழுத்து வைக்காதேங்கோ அம்மா, தமிழ் தெரிஞ்ச ஆளைக் கேளுங்கோ எண்டு கத்தினன். அவன் என்னைப் போகச் சொன்னான். நான் போகேல்லை. திரும்பவும் சொன்னான். நான் ரெண்டுபேருக்கும் நடுவிலை போய் நிண்டன். அவ்வளவுதான். கையைப் பின்னாலை மாட்டினாங்கள்.

சாம்பவி: வழக்கு?

கீர்த்திகன்: ரெண்டு மாசத்திலை தள்ளுபடி. ஆனால் பட்டியலிலை பேர் அப்பிடியே கிடக்கு எண்டு இப்பதான் தெரியுது.

சாம்பவி: படத்திலை கண் சிவந்து கிடக்கு.

கீர்த்திகன்: அழுதனான். அதையும் எழுதி வைச்சிருப்பாங்களோ?

சாம்பவி: எனக்குச் சரியான கோபம் வருது.

கீர்த்திகன்: நியாயம்தான். ரெண்டு பொய்...

சாம்பவி: பொய்க்கு இல்லை! ஊர்ச் சொத்தைச் சுருட்டினவன் எல்லாம் கோயிலிலை முன்வரிசையிலை நிண்டு மாலை வாங்குறான். நீங்கள் ஒரு மனுசிக்காக ஒரு இரவு உள்ளுக்கு இருந்துபோட்டு, கொலை செய்தவன் மாதிரி ஒளிச்சுக்கொண்டு திரியிறீங்கள். கார் வேகமாம், கார்! நல்லதை மறைக்கிறதுக்கு ஒரு கெட்டதைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்களாத்தான் இருக்கும்.

கீர்த்திகன்: அம்மாவுக்கு மறியல் எண்டால் மறியல்தான். ஏன், எதுக்கு எண்டு ஒண்டும் இல்லை.

அருமைராசா: பிள்ளை, சத்தம் அங்கை மட்டும் கேக்குது. தம்பி... மெய்யே? மறியலோ?

கீர்த்திகன்: மெய்தான் அண்ணை. ஒரு இரவு.

அருமைராசா: போச்சு. இருபத்தெட்டாவது போச்சு. பிள்ளை, நான் கொம்மாட்டைச் சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லிவிடுறன். ரெண்டு பக்கத்துக்கும் மரியாதையாப் போயிடும்.

சாம்பவி: சாதகத்தின்ரை தலையிலை ஒண்டையும் கட்டவேண்டாம். நானே வீட்டை போய்ச் சொல்லுறன்.

கீர்த்திகன்: எழும்பிக் குளிர்க்கோட்டைப் போடுறீங்கள்... சரி. விளங்குது. ஒண்டு மட்டும் சொல்லட்டோ? மறியலுக்குப் போனது எனக்குக் கவலை இல்லை. அந்த மனுசி கையெழுத்து வைச்சுதோ, இல்லையோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. என்னைக் காருக்குள்ளை ஏத்தேக்கை பேனை மனுசியின்ரை கையிலைதான் இருந்தது. அதுதான் கிடந்து அரிக்குது.

சாம்பவி: அண்ணை, இவரின்ரை பேரை உங்களுக்கு ஆர் தந்தது?

அருமைராசா: நீதானே பிள்ளை. பேரும் ஊரும் எழுதித் தந்து, விசாரிச்சுப் பாருங்கோ எண்டனீ. ஆரோ சிநேகிதப்பிள்ளை சொல்லியிருக்குமாக்கும் எண்டு நான்...

கீர்த்திகன்: நீங்களோ? என்னை உங்களுக்கு எப்பிடி... கதவடியிலை நில்லாமல் உள்ளுக்கு வந்து சொல்லுங்கோ!

சாம்பவி: வரமாட்டன், பஸ் வருது. அந்த மனுசிக்குப் பேர் கனகமணி. என்ரை சின்னம்மா. கையெழுத்து வைக்கேல்லை, மூண்டாம் நாள் எல்லை தாண்டி வந்திட்டா. இப்ப மொன்ட்ரியால்-நோரிலை எங்களோடை இருக்கிறா. தனக்காக மறியலுக்குப் போன பெடியன்ரை பேரும் தெரியாது, முகமும் வடிவாத் தெரியாது, கார்த்திகை விளக்கீட்டு அண்டு எண்டு மட்டும்தான் தெரியும் எண்டு மாசக்கணக்காப் புலம்பினவ. நான் அந்தத் திகதியைத் தட்டினன். பதினொரு பேர். தமிழ்ப் பேர் ஒண்டே ஒண்டு. உங்களைத்தான் கட்டுறது எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன், இண்டைக்கு நீங்கள்தான் அதை ரெண்டு தரம் குழப்பப் பாத்தனீங்கள். அண்ணையின்ரை காருக்குப் பின்னாலை வாங்கோ. நான் முன்னாலை போய்ச் சின்னம்மாவை இருத்தி வைச்சுச் சொல்லவேணும், இல்லாட்டில் உங்களைக் கண்ட உடனை மயங்கி விழுந்திடுவா.