பேதமுண்டு

வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சார். பதினொரு வருஷமாக இந்தத் தர்மாசுபத்திரியில் நர்ஸ். டாக்டர் என்னை ராகேல் சிஸ்டர் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

அவருக்குத் தமிழ் வராது. தோட்டத்து ஆட்களும் சாலைக் கடைகளில் மூட்டை சுமக்கிறவர்களும் வாசலில் என்னிடம் தமிழில் சொல்வார்கள். நான் அதை மலையாளத்தில் உள்ளே சொல்வேன். ஆரம்பத்தில் ஒவ்வொருவர் வலியும் வீடுவரை கூடவே வந்தது. சோறு இறங்காது. போன வருஷம் அது தானாக நின்றது. முகங்கள் வந்தன, போயின. எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

கர்க்கடக மழையில், நம் ஆடி மாசத்தில், வாந்திபேதி பரவியது. பேதி என்று உள்ளே சொன்னால் கட்டில் போட்டு, துணி மாற்றி, உப்புநீர் ஏற்றி, சாகிறவரை பக்கத்தில் நிற்பது நான்தான். ஒரே வாரத்தில் ஒன்பது பேருக்கு நின்றேன்.

போனக்காடு மலைத் தோட்டத்தில் தேயிலை பறிக்கிற உலகம்மை, திங்கட்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கிப் போனவள், புதன்கிழமை திரும்ப வந்தாள்.

"அம்மா, பிள்ளைக்குப் பேதி. நேத்துலருந்து நிக்கவே இல்ல."

"எந்தா சிஸ்டரே?" என்றார் டாக்டர், உள்ளேயிருந்து.

"பேதமுண்டு சார்" என்றேன். மலையாளத்தில் அதற்குக் குணமாகி வருகிறது என்று அர்த்தம். பழைய மருந்தையே கொடுத்தனுப்பச் சொன்னார்.

இரண்டு பாஷை பேசுகிறவளுக்கு நாக்குப் பிசகியிருக்கும் என்று, விசாரிக்க வந்த நீங்களே எனக்காகச் சொன்னீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் பிசகவில்லை. நான் நாகர்கோவில்காரி, பேதி எது, பேதம் எது என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்பே மூன்று பேருக்கு அப்படிச் சொல்லியிருந்தேன். சொன்னதும் நெஞ்சு லேசாகிவிடும். வெகுநாளைக்குப் பிறகு வேலை எனக்குப் பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமை காலை உலகம்மை வந்தாள். பிள்ளை தோளில், போர்வைக்குள்.

"உங்க மருந்துதாம்மா. பேதி நின்னுட்டு. அசந்து தூங்குது." என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். நாடி இல்லை. உடம்பு இன்னும் முழுசாகக் குளிரவில்லை, அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், சார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "எழுப்பாண்டாம், ஒறங்கட்டு" என்று சொல்லி, மழை படாமல் பிள்ளையின் முகத்தை மூடி, மலைக்குப் போகிற வண்டியில் நானே அவளை ஏற்றிவிட்டேன். இரக்கம் வற்றிப்போனவள் என்று எழுதப்போகிறீர்களே, இரக்கமில்லாதவள் அப்படிச் செய்வாளா?