இரைப்பை இல்லாத ஏழு மாதம்

அக்கா: ...வாயைத் திறடா. இன்னும் ரெண்டே கரண்டி கஞ்சி.

தம்பி: நீ ரெண்டுன்னா ஆறுன்னு அர்த்தம்.

அக்கா: ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமா குடுக்கச் சொல்லியிருக்காங்க.

தம்பி: இரைப்பையை முழுசா எடுத்தாச்சு. மண்ணீரலும் போச்சு, கணையத்துல பாதியும் போச்சு. எங்கேக்கா கொட்டுறே?

அக்கா: வாய் மட்டும் குறையலை.

தம்பி: அதை வெட்ட மறந்துட்டாங்க... அக்கா, கிண்ணம்... சீக்கிரம்...

அக்கா: இந்தா, இந்தா... குனிஞ்சுக்கோ. ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லடா...

தம்பி: பார்த்தியா? போன வழியே வந்துடுச்சு.

அக்கா: பரவால்ல. கொஞ்சம் கழிச்சுப் பார்ப்போம்.

தம்பி: டிப்போவுல என் பஸ்ஸை யாரு ஓட்டுறா?

அக்கா: புது டிரைவராம். உன் கண்டக்டர் சொன்னாரு. பிரேக் போட்டா சனம் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுதாம்.

தம்பி: அந்த வண்டி பிரேக்கைத் தொட்டாலே போதும். மிதிக்கக் கூடாது.

அக்கா: உடம்பு தேறினதும் நீயே போய்ச் சொல்லு.

தம்பி: எழுபத்திரண்டு கிலோ நாப்பத்தி மூணாயிடுச்சு. எங்கே தேற?... போர்வையை விலக்கிப் பாரு. வயிறு மட்டும் வீங்குது.

அக்கா: வாயுவா இருக்கும்.

தம்பி: ஸ்கேன் ரிப்போர்ட் உன் கைப்பையிலதானே இருக்கு?

அக்கா: கஞ்சி ஆறிடுச்சு, சுட வெச்சுட்டு வரேன்.

தம்பி: கேன்சர் திரும்ப வந்துடுச்சு. அதானே?

அக்கா: ...எல்லா இடத்துலயும் பரவிடுச்சாம். நீர் கோத்திருக்காம்.

தம்பி: எவ்வளவு நாளாம்?

அக்கா: வாரக் கணக்குதான்னு... டேய், உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்.

தம்பி: விடு.

அக்கா: இல்ல, சொல்லிடுறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டார். "ரொம்ப முத்திடுச்சும்மா. இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணாலும் நாள் பெருசா கூடாது, அவஸ்தைதான் கூடும். யோசிச்சுச் சொல்லுங்க"ன்னார். நான்தான் உன்கிட்ட, எடுத்துட்டா சரியாயிடும்னு பொய் சொன்னேன். இல்லேன்னா இன்னும் கொஞ்ச மாசம் வண்டி ஓட்டியிருப்பே... வாய்க்கு ருசியா சாப்பிட்டிருப்பே...

தம்பி: அழாதேக்கா.

அக்கா: நான்தான்டா உன்னை இப்படி ஆக்கினேன்.

தம்பி: என்கிட்டயும் அன்னைக்கே சொல்லிட்டார்க்கா. வேண்டாம்னு சொல்லத்தான் திரும்பினேன்... நீ ஆபரேஷன் பாரத்துல கையெழுத்துப் போட, பேனா மூடியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னே.