நூற்றைம்பது மீட்டர் தள்ளிப் பேசும் பெட்டி

— அதத்தான் நானும் சொல்றேன், ஹெட்விக் அக்கா. சனிக்கிழமைலேர்ந்து அந்தப் பெட்டி ஏன் இடம் மாறிப் பேசுதுன்னு எனக்கே புரியல.

— உனக்குப் புரியலைன்னா வேற யாருக்குப் புரியும், குனோ? டிராக்டர் உன்னுது. பின்னாடி இழுத்துட்டுப் போற வண்டி ரெண்டும் உன்னுது. பெட்டிக்குள்ள பேசுற குரலும் உன்னுது.

— குரல் நல்லா இருக்குல்ல?

— நடுவுல ஒரு மாடு கத்துது.

— தொழுவத்துல உக்காந்துதான் பதிவு பண்ணோம். மாடுங்கள விக்கிறதுக்கு முந்தின நாள். நிறுத்திட்டு மறுபடி பேச மனசு வரல.

— கேளு. நேத்து வாசல்ல துணி காயப் போட்டுட்டிருக்கேன். உன் வண்டி வருது, நிறைய சுற்றுலாக்காரங்க. அப்ப உன் குரல் சொல்லுது: “உங்கள் வலப்பக்கம் காணும் இந்த இடிபாட்டில் கடைசியாக வாழ்ந்தவர் இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன.” வலப்பக்கம் நின்னது யாரு? நான்.

— க்கும்... க்கும்.

— சிரிக்காத.

— சிரிக்கலக்கா. இருமினேன்.

— எல்லாரும் என்னைப் படம் எடுத்தாங்க. ஒரு கிழவர் தொப்பியக் கழட்டி மரியாதை செஞ்சாரு.

— அது பழைய காவல் சுவர் கிட்ட பேச வேண்டியது. அதத் தாண்டி வந்து உங்க வீட்டு முன்னாடி பேசுது. என்ன பண்ணச் சொல்றீங்க?

— பதினொரு மணிக்கு ஊர் மன்றம் கூடுது. வழில இருக்கிற ஆறு வீட்டுல அஞ்சு வீடு இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டாச்சு. ஆறும் சேர்ந்தா உன் வண்டிக்கு அனுமதி ரத்து. ஆறாவது வீடு என்னுது.

— அக்கா, பதினோரு பசுவ வித்து வாங்கின வண்டி. கூரை போட்டு மெத்தை தச்சு வெச்சிருக்கேன், இனிமே அதுல வைக்கோல்கூட ஏத்த முடியாது. அவங்களுக்கு என்னதான் கோபம்?

— நத்தை மாதிரி ஊர்ந்து போறியாம். பின்னாடி பால் வண்டிலேர்ந்து பள்ளிக்கூடப் பேருந்து வரைக்கும் வரிசை கட்டி நிக்குதாம்.

— வேணும்னுதான் மெதுவாப் போறேன். பெட்டி பின்தங்குதே, பேச நேரம் குடுப்போம்னு.

— பெட்டிக்குள்ள கடிகாரம் இருக்கா?

— இல்ல. சக்கரத்துல ஒரு காந்தம் ஒட்டியிருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் அது ஒரு சின்னக் கருவியத் தாண்டும். தாண்டினா பெட்டி ஒண்ணு எண்ணும். நூறு சுத்து, அதாவது இருநூறு மீட்டர் ஆனா மாதா கோவில் கோபுரம், ஐநூறு ஆனா திராட்சைத் தோட்டம், ஆயிரத்துக்குக் கோட்டை வாசல், ஆயிரத்து ஐநூறுக்குக் காவல் சுவர். என் கூடப்பிறந்த அக்கா பையன் செவரின் அமைச்சுக் குடுத்தான்.

— அப்ப நீ ஊர்ந்து போனாலும் பறந்து போனாலும் சுத்து அதேதானே? அது நேரத்த எண்ணல, குனோ. சக்கரத்த எண்ணுது.

— ...ஆமால்ல.

— மூணு நாளா ஊரையே காக்க வெச்சிருக்க. சரி, எவ்வளவு தூரம் தள்ளிப் பேசுது? அளந்தியா?

— கொஞ்ச தூரம்.

— முப்பத்தோரு வருஷம் அளவுக்கருவி செய்ற தொழிற்சாலைல இருந்தவகிட்ட “கொஞ்சம்”னு சொல்லாத. பைல இருக்கிற இந்தத் துணிக் கிளிப்பெல்லாம் எடுத்துக்கறேன். வண்டிய எடு. பெட்டி எங்கெங்க வாயத் திறக்குதோ அங்கெல்லாம் ஒண்ணு போடுறேன்.

— பத்து மணிக்கு முதல் சவாரி இருக்கு.

— இப்ப மணி எட்டுதான். எடு.

— பிடிச்சுக்கோங்க. பேசுது பாருங்க, கோபுரத்த இப்பத்தான் தாண்டினோம்.

— போட்டாச்சு.

— தோட்டம். கொஞ்சம் தாண்டிட்டோம்.

— போட்டாச்சு. கோட்டை வாசல்ல மாடு கத்துமே, அதுதானே?

— அது பேரு ஃபினி. நல்ல பசு.

— கத்திட்டா. போட்டாச்சு. அடுத்தது என் வீடு, அங்க போடத் தேவையில்ல, எனக்கே தெரியும். நிறுத்து. இறங்கு. இனிமே நடந்து அளப்போம். அளவு நாடாவோட அந்த முனையப் பிடி.

— கோபுரத்துலேர்ந்து கிளிப்புக்குப் பத்து மீட்டர்.

— சரி, தோட்டம்?

— அம்பது. கோட்டை வாசல்... நூறு. காவல் சுவர்லேர்ந்து உங்க வாசலுக்கு நூத்தம்பது. அக்கா, இது போகப் போக முத்துது. மலைலேர்ந்து இறங்குற வெப்பக் காத்துல எனக்குத் தலைவலி வர மாதிரி அதுக்கும் வருதோ என்னவோ.

— காத்த விடு. பெட்டி எண்ண ஆரம்பிக்கிறதுல தாமதம்னா எல்லா இடத்துலயும் ஒரே அளவு தள்ளியிருக்கும். இங்க அப்படியில்ல. இருநூறு மீட்டருக்குப் பத்து, ஆயிரத்துக்கு அம்பது, மூவாயிரத்துக்கு நூத்தம்பது. நூறு மீட்டருக்கு அஞ்சு, எங்க பாத்தாலும் அஞ்சு. எவ்வளவு ஒழுங்கான தப்பு பாரு.

— நீங்க ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?

— ஒழுங்கான தப்புக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும், அதான். ஒவ்வொரு அடியும் கொஞ்சம் நீளமா விழுது. உயரமான ஆளு ஒருத்தன் குட்டையானவன் காலடிய வெச்சுத் தூரத்தக் கணக்குப் போடுற மாதிரி. சனிக்கிழமை சக்கரத்த என்ன பண்ண?

— ஒண்ணும் பண்ணல.

— குனோ.

— பின்வண்டியோட இடது சக்கரம் ஆணி ஏறிக் கிழிஞ்சுது. வைக்கோல் வண்டிலேர்ந்து ஒண்ணக் கழட்டி மாட்டினேன். கச்சிதமா உக்காந்துச்சு.

— அளந்தியா?

— சக்கரம்னா வட்டமா இருக்கும். அதுல அளக்க என்ன இருக்கு?

— கடவுளே. நாடாவச் சுத்திப் பிடி. வலது சக்கரம் முதல்ல.

— ரெண்டு மீட்டர்.

— இப்ப இடது, நீ மாட்டினது.

— ரெண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். நூறுக்கு அஞ்சு.

— காந்தம் எந்தச் சக்கரத்துல இருக்கு?

— இடது.

— பாத்தியா? பெட்டி பொய் சொல்லல. ஒரு சுத்துன்னா ரெண்டு மீட்டர்னு நம்பி பாவம் ஒழுங்கா எண்ணிட்டிருக்கு. நீதான் அதோட காலை மாத்திட்ட. இன்னும் நாலு கிலோமீட்டர் நேரா ஓட விட்டிருந்தா, எல்லை ஆத்துக்கு அந்தப் பக்கம் சுவிஸ்காரன் மாட்டுக் கொட்டகையக் காட்டி நம்ம கோட்டைன்னு சொல்லியிருக்கும்.

— பாதிப் பேரு நம்பியிருப்பாங்க. ஆனா இப்ப என்ன பண்றது? பழைய டயர் கிழிஞ்சு போச்சு. புதுசு வியாழக்கிழமைதான் வரும். பெட்டிக்குள்ள எண்ணிக்கைய மாத்தலாம்னா கடவுச்சொல் செவரினுக்குத்தான் தெரியும். அவன் மலை மேல ஏதோ குடில்ல இருக்கான், சிக்னல் கிடையாது.

— ம்.

— அக்கா? இவ்வளவு நேரம் மூச்சு விடாமப் பேசினீங்க. இப்ப ஏன் அமைதியாயிட்டீங்க?

— வழி தெரியும். சொன்னா நீ உடனே பண்ணிடுவ.

— பண்ணத்தானே கேக்குறேன்.

— பண்ணிட்டா பெட்டி காவல் சுவர் கிட்டயே பேசிடும். என் வீட்டுப் பக்கம் வரும்போது எல்லாரும் தண்ணி குடிச்சுட்டு இருப்பாங்க, இல்ல செருப்புல மண்ணு தட்டுவாங்க.

— அதுதானே உங்களுக்கு வேணும்? புகார் சொல்லத்தானே வந்தீங்க?

— வந்தேன்.

— ஒண்ணு கேக்கட்டுமா, கோவிச்சுக்கக் கூடாது. என் வண்டி தினம் நாலு தடவை போகுது. நாலு தடவையும் நீங்க அதே பூப்போட்ட போர்வையத்தான் காயப் போடுறீங்க. இந்தக் காத்துல அரை மணில காஞ்சிடுமே. ஞாயித்துக்கிழமை நீலச் சட்டை போட்டிருந்தீங்க. விருந்துக்குப் போடுறது.

— கேளு, சொல்லிடுறேன். ஓய்வு வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. காலைல தபால்காரர் வருவாரு, அதுக்கப்புறம் அந்தத் தெருவுல ஒரு பூனை போகும். தொழிற்சாலைல நாள் முழுக்க யாராவது வந்து “இது எப்படி வேலை செய்யுது ஹெட்விக்”னு கேப்பாங்க. சனிக்கிழமைலேர்ந்து நூத்திப் பன்னண்டு பேரு எனக்குக் கையாட்டியிருக்காங்க.

— எண்ணினீங்களா?

— எண்ணாம இருப்பேனா?

— அப்ப காகிதத்துல கையெழுத்து?

— இந்தக் காகிதத்துலயா? போட மாட்டேன். இன்னிக்கு ஊர் மன்றத்துக்கு வந்து, அளந்து கண்டுபிடிச்சோம், இனிமே ஊர்ந்து போக மாட்டான்னு நானே சொல்றேன்.

— அக்கா, நீங்க நல்லா இருக்கணும். ஆனா வழி? பத்து மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க.

— காந்தத்தையும் எண்ணுற கருவியையும் இடது சக்கரத்துலேர்ந்து கழட்டி வலது சக்கரத்துல மாட்டு, அது இன்னும் பழைய ரெண்டு மீட்டர்தான், எல்லாம் அதது இடத்துல பேசும். காவல் சுவர் தாண்டி எழுபத்தஞ்சாவது சுத்துல, என் வாசல்ல, வண்டிய நிறுத்திப் பெட்டிய அணைச்சுடு, அதுக்கு வழி எப்படித் தெரியுதுன்னு அவங்களுக்கு நான் சொல்றேன்.