மெத்தைக் கடை மாப்பிள்ளைக்கு இரங்கல்

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அது எந்த மென்பொருளில் கட்டப்பட்டது என்று பார்த்துவிடுவேன், சார். பிறர் வீட்டுக்குப் போனால் சிலருக்குக் கண் நேராக ஃபேன் தூசியில் போய் நிற்குமே, அந்த மாதிரி ஒரு பழக்கம். யாருக்கும் கெடுதல் இல்லாதது.

எங்களுடையது மெத்தைக் கடை. படிப்பை முடித்த நாளிலிருந்து கல்லாவில் உட்காருவது நான். தங்கையின் கணவர் வந்து சேர்ந்த சில மாதங்களில் கடைக்கு ஓர் இணையதளம் செய்தார். "ஒவ்வொரு வரியும் நானே எழுதினது, மாமா" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா வருகிறவர்களை உட்காரவைத்து அதைக் காட்டினார். மெத்தை வாங்க வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நான் ரைட் கிளிக் செய்து பக்கத்தின் மூலநிரலைப் பார்த்தேன். படங்கள் எல்லாம் 'டபிள்யூபி-கன்டென்ட்' என்ற ஃபோல்டரிலிருந்து வந்துகொண்டிருந்தன. அது வேர்ட்பிரஸின் அடையாளம்; இணையதளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நல்ல மென்பொருள், அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

சாப்பிடும்போது பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். "அப்பா, இது ரெடிமேட். மாப்பிள்ளை எழுதினது இல்ல."

அப்பா தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "சரிப்பா, நீ ரெடிமேடாவாவது ஒண்ணு பண்ணிக் காட்டு."

தங்கை சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "விடுங்க மாமா, மச்சான் சும்மா விளையாட்டுக்குச் சொல்றாரு" என்று எனக்காகப் பரிந்து பேசினார். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

எந்த மென்பொருள் என்று தெரிந்துவிட்டால் அதன் கொல்லைக் கதவு, அதாவது கடவுச்சொல் கேட்கும் பக்கம், எங்கே என்பதும் தெரிந்துவிடும். கடவுச்சொல் முதல் முயற்சியிலேயே விழுந்தது: தங்கையின் செல்லப்பெயர். அவளுக்கு அதை வைத்ததே நான்தான். நான் வைத்த பெயரை நான் பயன்படுத்துவது திருட்டாகுமா, நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை மெத்தைத் துணி வாங்க விமானம் ஏறிய மதியம், முகப்பில் அவருக்கான இரங்கல் செய்தியைப் போட்டேன். போனை அணைத்து வைத்திருப்பார் என்று தெரியும். இல்லாவிட்டால் எடுத்துப் பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். மேலே 'நிம்மதியாகத் தூங்குங்கள்' என்ற கடை வாசகம் அப்படியே இருந்தது. அதை நான் தொடவில்லை.

பஞ்சு வியாபாரி மாலையோடு வந்து நின்றார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மாதிரிக்கு விரித்திருந்த மெத்தையில் சாய்ந்தார். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் நான்தான். தங்கை என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பொய்னு சொல்லுண்ணா. பொய்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணா."

தலையைத் தடவிக்கொடுத்தேன். தண்ணீர் குடிக்கவைத்தேன். விமானம் தரையிறங்கும் வரை அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. வாயையும் திறக்கவில்லை. ஓர் அண்ணன் அந்த நேரத்தில் கூட இருக்க வேண்டும் இல்லையா?

ஒரே ஒரு கவனக்குறைவு. அந்தத் தளம் எழுதியவர் பெயரைத் தானாகவே அடியில் போட்டுவிட்டது. செத்தவரே தன் சாவை அறிவித்திருந்தார். அவர் வானத்தில் இருந்தபோது கல்லாக் கணினியிலிருந்து அவர் பெயரில் நுழைந்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான், இன்ஸ்பெக்டர் சார். மறைக்க என்ன இருக்கிறது?

அப்பா வீடு திரும்பிவிட்டார். தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. எல்லோரும் என்னைப் பொறாமைக்காரன் என்கிறார்கள். அந்தச் செய்தியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நல்லவர், உழைப்பாளி, மாமனாரின் கண்ணான மாப்பிள்ளை என்று எவ்வளவு பெருந்தன்மையாக எழுதியிருக்கிறேன். அதில் பொய் என்று ஒன்றும் கிடையாது. தேதிதான் கொஞ்சம் முந்திவிட்டது.