பேக்கரி மாடியில் ஒரு பெருங்கடல்

ஆண்டுவிழாவின் அவைத் தலைவர், அஸ்தினாபுரம் குடியிருப்போர் சங்கத்தின் அசையாத தூண், மரியாதைக்குரிய பொன்னுசாமி ஐயா அவர்களே, முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே, இன்றைய சிறப்பு விருந்தினர், பெருங்களத்தூரில் கப்பல் பயிற்சிப் பள்ளி நடத்தும் கேப்டன் ஞானையா அவர்களே, அனைவருக்கும் இந்த ஜோசலினின் பணிவான வணக்கம்.

கேப்டனை வாழ்த்திப் பேசும்படி தலைவர் பணித்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டு வரவுசெலவு எழுதி எழுதியே தமிழ் பழகியவள். உண்மையைத் தவிர ஒரு சொல்லும் வாயில் வரக்கூடாதென்று ஆண்டவரிடம் முழங்காலிட்டுக் கேட்டுவிட்டுத்தான் மேடையேறினேன். வாழ்த்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடல் சம்பந்தப்பட்ட பேச்சல்லவா.

கேப்டனின் சாதனை சாமானியமா? கடல் பார்க்க நாமெல்லாம் கோவளத்துக்குப் போவோம். அவரோ தன் பள்ளி நடக்கும் பேக்கரி மாடியிலேயே பெருங்கடலைக் கொண்டுவந்து இறக்கினார். எதிலே? சுவரிலே. எதனாலே? பெயின்டாலே.

என் அக்கா ரத்தினபாயின் மகன் ஜெஃப்ரி அந்தக் கடலில்தான் பயின்றான். கப்பல் மூழ்கினால் குதிக்க வேண்டுமே, எங்கே குதித்தான்? மேசையிலிருந்து மெத்தைமேல். உயிர்காக்கும் படகு எது? கோரைப்பாய். அதில் வட்டமாக உட்கார்ந்து துடைப்பத்தால் துடுப்புப் போட்டார்கள். தீயணைப்புப் பயிற்சிக்காக மொட்டைமாடியில் பழைய பேப்பரைக் கொளுத்தினார்கள். புகையைப் பார்த்து பேக்கரி சேட்டு வாளியோடு ஓடிவந்து அணைத்தார். நியாயமாகப் பார்த்தால் சான்றிதழ் சேட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

என்ன துளசிங்கம் அண்ணா, பின்னாலிருந்து? "அவரு எந்தக் கப்பல்ல இருந்தாருன்னு கேளும்மா"வா? அது எனக்குத் தெரியாது அண்ணா. போன வருஷ வெள்ளம்தான் தெரியும். தெருப்பிள்ளைகள் லாரி டியூபில் மிதந்து வீடுவீடாகப் பால் கொடுத்தார்கள். கேப்டன் மட்டும் தண்ணீர் வடியும்வரை மாடியைவிட்டு இறங்கவில்லை. கேப்டன் கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்ற கப்பல் மரபைக் கட்டிக் காத்தார்.

சிரித்தது போதும். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் படித்த ஜெஃப்ரி, அந்தச் சான்றிதழோடு மும்பைக்குப் போனான். கப்பல் கம்பெனியில் அதைப் புரட்டிப் பார்த்தார்கள். அரசின் கப்பல் துறை ஒப்புதல் தந்த பள்ளியின் சான்றிதழ்தான் செல்லும், இது செல்லாது என்று கையில் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவன் என் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். "சித்தி, காலேஜ்ல திரும்பச் சேத்துக்க மாட்டாங்களா?" என்றான். சேர்த்துக்கொள்ளவில்லை.

இதை இன்று ஏன் சொல்கிறேன்? அதோ, நம் ஷபீனாவின் மகன் அசார் உட்கார்ந்திருக்கிறான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நாளைக் காலை அங்கே டி.சி. வாங்கிக்கொண்டு அதே பேக்கரி மாடி ஏறப்போகிறான்.

கேப்டன் அவர்களே, ஷேர் ஆட்டோ ஓட்டவே லைசென்ஸ் கேட்கிற ஊர் இது. கடலில் வேலை செய்யத் தகுதி தருகிறேன் என்கிற உங்களிடம் கேட்கக் கூடாதா? உங்கள் பள்ளியின் அரசு ஒப்புதல் எண் என்ன? இதோ மைக், நீங்களே சொல்லுங்கள்.

"அது... ப்ராசஸ்ல இருக்கும்மா."

கேட்டீர்களா தாய்மார்களே? ஒப்புதல் ப்ராசஸில் இருக்கிறது. பிள்ளைகள் மட்டும் வகுப்பில் இருக்கிறார்கள்.

கடலுக்குப் பொன்னாடை தெரியுமா? கடலுக்குப் பரிந்துரை தெரியுமா? மெத்தைமேல் குதிக்கப் பழகியவன் நடுக்கடலில் விழுந்தால், லேமினேஷன் போட்ட காகிதமா அவனைத் தூக்கிப் பிடிக்கும்? கப்பலுக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. போகட்டும். ஒப்புதல் உள்ள பள்ளியில், நிஜத் தண்ணீரில் நனைந்து, நிஜச் சான்றிதழோடு தலைநிமிர்ந்து போகட்டும்.

அசார், எழுந்திரு கண்ணா. என்ன சொல்றே?

"கேப்டன் ஸ்கூல் அட்மிஷன் ஃபார்ம்ல கையெழுத்து போட்டுட்டேன் ஆன்ட்டி."

போட்டால் என்ன, விடு. டி.சி. இன்னும் காலேஜில்தானே இருக்கிறது? அது அங்கேயே இருக்கட்டும். நாளைக்கு ஆபீஸ் ரூம் பக்கம் போகாதே, வகுப்பில் போய் உட்கார். என்ன?

"சரி ஆன்ட்டி."

இந்தச் சொல்லுக்காகத்தான் இவ்வளவு பேசினேன். மைக்கைக் கொடுத்த தலைவருக்கும், பிடுங்காமல் விட்ட செயலாளருக்கும், கடைசிவரை சிரித்த முகத்தோடு இருக்க முயன்ற சிறப்பு விருந்தினருக்கும் நன்றி. ஷபீனா, கண்ணைத் துடைத்துக்கொள். நாளைக் காலை வழக்கம்போல அவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடு.

எல்லோருக்கும் வணக்கம்.