இறங்காத தண்ணி

— குச்சியை விட்டுக் குத்திக் குத்திப் பார்த்தா தண்ணி இறங்கிடுமா? உங்களைத்தான் கேக்குறேன்!

— கத்தாதேம்மா. எனக்கே ஒண்ணும் புரியல. இத்தனை நாளா போர்வெல்ல வந்த உப்புத் தண்ணியை மடக்கு மடக்குன்னு குடிச்ச மண்ணு இது. இப்ப நல்ல வாய்க்கால் தண்ணி விட்டா, குட்டையாட்டம் நிக்குது.

— அதைத்தான் மண் பரிசோதனைக்கார அக்காகிட்ட போன்ல கேட்டேன். நம்ம களிமண்ணுல சோடியம் ஏறிப்போச்சாம். தண்ணியில உப்பு இருந்தவரைக்கும் மண்ணு கட்டி கட்டியா சேர்ந்து நின்னுச்சாம். இண்டு இடுக்கு வழியா தண்ணி போச்சாம். நல்ல தண்ணி பட்டதும் கட்டியெல்லாம் உதிர்ந்து மாவாகி, அந்த இடுக்கையே அடைச்சிருச்சாம்.

— உப்பைக் கழுவத்தானே விட்டேன்!

— கழுவலாம், யாரு வேணாம்னா? முதல்ல ஜிப்சம் போட்டிருக்கணும். அது மண்ணை உதிர விடாதாம். நீங்க யாரைக் கேட்டீங்க? வாய்க்கால்ல தண்ணி வந்ததும் மடையைத் திறந்துவிட்டு ராஜா மாதிரி நின்னீங்க.

— சரிம்மா, தப்புதான். இப்ப என்ன பண்ணச் சொல்ற?

— நிக்கிற தண்ணியை வெளிய விடணும். எலுமிச்சை வேருக்கு மூச்சு முட்டுது. இலையெல்லாம் மஞ்சளடிச்சிருச்சு, பாருங்க. முதல் காய்ப்புக்கு வர்ற நேரத்துல இப்படியா? அழுகையா வருது எனக்கு.

— எங்கே விட? பள்ளத்துல இருக்கிறது தம்பி நிலம்.

— அவர் வரப்பை வெட்டினா அப்படியே ஓடைக்குப் போயிடும். போய்க் கேளுங்க.

— அவன்கிட்டயா? பாகம் பிரிச்சதுல இருந்து என் மூஞ்சியைப் பார்க்காதவன்.

— நீங்க மட்டும் பார்த்துக் கிழிச்சீங்களாக்கும்!

— செத்தாலும் கேக்க மாட்டேன்.

— சாகப்போறது நீங்க இல்ல, மரம்! தள்ளுங்க, நானே போறேன்.

— இரு, இரு. அங்க பாரு, அவனே வர்றான். கையில மண்வெட்டி வேற. நம்ம தண்ணி அவன் பக்கம் கசிஞ்சிருக்கும். இன்னிக்கு ரகளைதான்.

— நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க. வாங்க தம்பி. என்ன, இப்படி மூச்சு வாங்குது?

— கையும் ஓடல, காலும் ஓடல அண்ணி. என் எலுமிச்சங்கன்னெல்லாம் முழுகிக் கிடக்குது. தண்ணி ஒரு சொட்டு இறங்க மாட்டேங்குது.

— ஏன்டா, உன்னை யாருடா வாய்க்கால் தண்ணியைத் திறக்கச் சொன்னது?

— நீ திறந்தியே அண்ணா. நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நானும் திறந்துட்டேன்.